நாலாவது பெருமாள்

சகல ஜீவராசிகளுக்கும், குறிப்பாக மயிலாப்பூர்வாசிகளுக்கும், நேரமிருந்தால் ஐக்கிய நாடுகள் சபைக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: தென்னிந்தியாவிலேயே முதன்முறையாக, பார்வையாளருக்கு யாதொரு அபாயமும் நேராத வண்ணம் விஞ்ஞான முறைப்படி அமைக்கப்பட்ட கதிர்வீசும் கனிமங்களின் நிரந்தரக் காட்சியகம், டாக்டர் ஸ்ரீரங்கன் அவர்களின் இல்லத்தில், மாடிப்படிக்கும் செருப்பு விடும் இடத்துக்கும் நடுவிலுள்ள அறையில், தை மாதம் ஒரு சுபமுகூர்த்தத்தில் திறந்துவைக்கப்படும்.

ஐ.நா. சபையைத் தவிர மற்றதெல்லாம் அழைப்பிதழில் கண்டபடி. அவர் முதலில் எழுதிக் கொடுத்தது இதைவிட நீளம். அட்டையில் இடம் போதாது என்று அச்சகத்தில் வெட்டிவிட்டார்கள்.

ஊருக்குப் பெயர் மாற்றிய மறு வருஷம் அது. மெட்ராஸ் சென்னையானதைப் போலவே, கனிமங்கள் சம்பந்தப்பட்ட ஒரு துறையில் டெபுடி டைரக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீரங்கன், மியூசியம் டைரக்டர் ஆகிக்கொண்டிருந்தார். 'டாக்டர்' என்பது கௌரவப் பட்டம். எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று யாராவது கேட்டால் உள்ளேயிருந்து காபி வந்துவிடும்.

மற்றவர்கள் டூர் போனால் பெண்டாட்டிக்குப் புடவை வாங்கிவருவார்கள். ஸ்ரீரங்கன் தோரியம் கொண்டுவந்தார். மணவாளக்குறிச்சி மோனசைட் மணல், நெல்லூர்ப் பக்கத்துச் சமர்ஸ்கைட், ஊதா விளக்கைப் போட்டால் மின்மினி மாதிரி பச்சையாக ஒளிரும் ஆட்டுனைட் என்று பழைய ஷூ பெட்டிகளில் பரணில் கிடந்தன. எல்லாவற்றுக்கும் சக்கரவர்த்தி பிட்ச்பிளெண்ட். அது யுரேனியத் தாது. வடக்கே ஒரு சுரங்கத்திலிருந்து டிபன் காரியரின் அடி அடுக்கில் வைத்து, மேல் அடுக்கில் தயிர்சாதத்தைக் காவலுக்கு உட்காரவைத்து, அவர் ரயிலேற்றிக் கொண்டுவந்தது. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கன்னங்கரேலென்று, வழவழவென்று, திராட்சைக் கொத்தை உருக்கி உருட்டினாற்போல இருக்கும். தூக்கினால்தான் விஷயம் தெரியும். இரும்புக்குண்டைவிடக் கனம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் அவரைக் குறைசொல்ல முடியாது. எந்தக் கல்லை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும், எதைக் கண்ணாடிக்குள் மூட வேண்டும், கல்லிலிருந்து கசியும் வாயு அறைக்குள் தேங்காமல் தெருப்பக்கமாக எப்படி வெளியேற்ற வேண்டும் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்பாவிட்டாலும் சொல்வார். சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். கை கழுவத் தனிக் குழாய் போட்டார். கண்ணாடி பீரோவுக்கு உள்ளே ஈயத் தகடு அடிக்க மந்தைவெளி கபாலியை வரவழைத்தார்.

"இன்னா சார், இம்மாம் ஈயம் அடிச்சா பீரோ தரையோட எறங்கிடும்," என்றான் கபாலி. "உள்ள இன்னா வைக்கப் போற, நாகப்பாம்பா?"

"பாம்பைவிட மோசம்ப்பா. கடிச்சதே தெரியாது. இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

"அத்த வூட்ல வெச்சிகினு கண்ணாடி வேற போட்டுப் பாக்கணுமா? நல்லா கீது சார் உங்க ஆசை."

பீரோவின் நட்டநடுவில், சக்கரவர்த்திக்கென்று மரத்தில் ஒரு குழி செதுக்கி, சிவப்பு வெல்வெட் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் குழியைப் பார்த்துப் பார்த்து ஸ்ரீரங்கன் மெய்ம்மறந்த நாட்கள் உண்டு.

வாசலில் மாட்டுவதற்கு ஒரு பலகையும் எழுதி வாங்கினார். கனிமங்களைத் தொட்ட கையால் எதையும் உண்ணலாகாது. கனிமங்களை ஈரத்திலோ நீரிலோ வைக்கலாகாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இந்த வாசலைத் தாண்டலாகாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே 'உத்தரவுப்படி' என்று போட்டிருந்தது. யார் உத்தரவு என்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது விதி வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்குப் பொருந்தியது. அவருடைய ஒரே மகன் ஜெயராமின் மனைவி சாருலதா அந்த ஐப்பசியில் மூன்று மாதம். இதற்கு முன் இரண்டு முறை கரு உண்டாகி, இரண்டு முறையும் நாலாம் மாதத்தைத் தாண்டாமல் கலைந்துபோயிருந்தது. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர் வேலை. லீவு போட்டுவிட்டு, மாடிப்படிகூட ஏறாமல், மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு வீட்டோடு இருந்தாள். மாமியார் கோமளம் அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டாள். இந்தக் குழந்தை தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டுப் பெண்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. மாமனாரும் தம் பங்குக்குக் கண்டிப்பாக இருந்தார். சாரு அந்த அறைப் பக்கம் தலை திருப்பினால்கூட, "அம்மா, அங்க நிக்காதே," என்று குரல் வரும்.

இந்த லட்சணத்தில்தான் ஸ்ரீரங்கனின் மகத்துவம் அவரையே கடித்தது. அணுக் கனிமங்களைக் கட்டுப்படுத்தும் சர்க்கார் ஆபீஸ் ஒன்றின் தலைவரை, திறப்புவிழாவுக்குத் தலைமை தாங்கும்படி அவராகவே கடிதம் எழுதி அழைத்தார். தலைவர் வர ஒப்புக்கொள்ளவில்லை. பதிலுக்கு, நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும் என்று போன் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் யுரேனியம் வீட்டில் இருந்தால் அனுமதி வேண்டும், இருக்கிறதா என்று போனில் கேட்டார்கள். "சேச்சே," என்றார் ஸ்ரீரங்கன்.

மணலையும் சின்னக் கற்களையும் பற்றிக் கவலை இல்லை. சக்கரவர்த்தியை எங்கே ஒளிப்பது? பரணில் வைத்தால் கதிர்வீச்சை அளக்கும் கருவி காட்டிக்கொடுக்கும். பக்கத்து வீட்டில் கொடுக்கலாமென்றால் அவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எந்த சர்க்கார் உத்தியோகஸ்தனும் கருவியை நீட்டத் துணியாத இடம் மயிலாப்பூர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஐயங்கார் வீடுகளில் பூஜை அலமாரிக்குக் கோயிலாழ்வார் என்று பெயர். ஸ்ரீரங்கன் வீட்டுக் கோயிலாழ்வாரில் பரம்பரையாக வரும் சாளக்கிராமங்கள் மூன்று. அவையும் கறுப்பு, உருண்டை, வழவழப்பு. விஞ்ஞானி சட்டையைக் கழற்றிவிட்டு, கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு, கோயிலாழ்வாரைத் திறந்தார்.

"ஏன்னா, நீங்களா?" கோமளம் பின்னால் நின்றாள். தீபாவளிக்குத் தீபாவளி மட்டுமே அந்தப் பக்கம் வருகிறவர். "என்ன பண்றேள் அங்க?"

ஒரு கணம்தான். நாற்பது வருஷ சர்க்கார் சர்வீஸ் கைகொடுத்தது.

"சாளக்கிராமம் வந்திருக்கு. நேபாளத்துலேர்ந்து பழைய சிநேகிதர் அனுப்பிச்சார். கண்டகி நதியில எடுத்தது."

கோமளத்தின் கண்ணில் ஜலம் கட்டிவிட்டது. "ஜெயராம்! இங்க வாடா! அப்பா பெருமாளை ஏளப்பண்ணிண்டு வந்திருக்கார்டா!"

தினசரி பூஜை ஜெயராம் பொறுப்பு. குளித்த ஈரத்தோடு ஓடிவந்தவன் கல்லைக் கையில் வாங்கினான். கை ஒரு ஜாண் கீழே போயிற்று.

"அம்மாடி! என்னம்மா இது, இந்தக் கனம்!"

"கனக்காதா பின்னே? சாந்நித்யம்டா அது. மத்த மூணு பெருமாளையும் சேத்துத் தூக்கினாலும் இவருக்கு ஈடாகாது." அவள் விரலை மடக்கி எண்ணினாள். முகம் மாறிற்று. "ஏன்னா, நாலு ஆயிடுத்து!"

"ஆயிடுத்து. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? சாளக்கிராமம் ஒத்தைப்படையில இருக்கப்படாது. ஒண்ணு இருக்கலாம், மூணு ஆகவே ஆகாதுன்னு எத்தனை பேர் சொல்லியிருக்கா! அதனாலதான் இந்த ஆத்துல ரெண்டு தடவையும் தங்கல. இப்போ நாலாவது பெருமாள் தானா நடந்து வந்திருக்கார். சாரு, வந்து சேவிச்சுக்கோடி. உன் குழந்தைக்காக வந்திருக்கார்."

சாருலதா வந்து விழுந்து சேவித்தாள். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒரு நாள்தானே, நாளைக்கு எடுத்துவிடலாம் என்று ஸ்ரீரங்கன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வந்த அதிகாரி சண்முகசுந்தரம் திருநெல்வேலிக்காரர். நெற்றியில் விபூதி, தோளில் தோல் உறை போட்ட கருவி. காட்சியறையில் ஒவ்வொரு கல்லுக்கும் கருவியைக் காட்டினார். அது வறுத்த கடலை கொறிப்பதுபோலச் சத்தம் போட்டது. எல்லாம் அளவுக்கு உட்பட்டவை. ஃபேனையும் ஈயத் தகட்டையும் குழாயையும் பார்த்து அவருக்கே வியப்பு.

"எங்க ஆபீஸ்லகூட இப்படிக் கிடையாது சார். நடுவுல வெல்வெட்டு மட்டும் காலியா இருக்கே?"

"அது எதிர்காலத்துக்கு," என்றார் ஸ்ரீரங்கன்.

"வீட்ல கர்ப்பிணிங்க யாரும் உண்டா?"

"மாட்டுப்பொண் இருக்கா. இந்த வாசப்படியைத் தாண்டவிடறதில்லை. நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"ரொம்ப சந்தோஷம் சார். படிச்சவங்க வீடுன்னா இப்படில்லா இருக்கணும்."

கூடத்தைக் கடக்கும்போது கருவி திடீரென்று கடலையை விட்டுப் பொரியாகப் பொரிந்தது. சண்முகசுந்தரம் நின்றார். "இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு?"

"பெருமாள் இருக்கார்," என்றாள் கோமளம்.

அவர் கருவியோடு ஓரடி எடுத்துவைத்தார். கோமளம் குறுக்கே வந்தாள். "தோல் சாமானோட உள்ள வரப்படாது. அதை அங்க செருப்புக்கிட்ட வெச்சுட்டு, காலலம்பிண்டு வாங்கோ. தீர்த்தம் தரேன்."

சண்முகசுந்தரத்துக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. "மன்னிச்சுக்கிடுங்கம்மா. கவனமில்லாம வந்துட்டேன்." கருவி செருப்புகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து பொரிந்துகொண்டிருக்க, பாரத அரசாங்கம் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், நாலு பெருமாளையும் கையெடுத்துக் கும்பிட்டு, கையைக் குழித்துத் தீர்த்தம் வாங்கி உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டது. "இந்தப் பழைய வீடுகள்ல கிரானைட்டு போட்டிருப்பாங்க. அதுவும் இப்படித்தான் சத்தம் போடும்," என்று அவரே ஸ்ரீரங்கனுக்குச் சமாதானமும் சொன்னார்.

ஆபத்து நீங்கிவிட்டதென்று ஸ்ரீரங்கன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் பேப்பரைப் பிரித்தவர் தலை நிமிர்ந்தபோது, எதிரே சாருலதா ஒரு வெள்ளி டம்ளரை உயர்த்தி மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"பெருமாள் தீர்த்தம்," என்றாள் கோமளம். "ராத்திரி பூரா நாலு பேரையும் திருத்துழாய் போட்டு ஜலத்துல ஊறவெச்சேன். பிரசவம் ஆற வரைக்கும் தினம் ஒரு டம்ளர். எங்க பிறந்தாத்துல இப்படித்தான் பண்ணுவா."

"ஊறவெக்கறதா? ஜலத்துல கெடந்தா கல்லு..."

"கல்லா?"

"பெருமாள்... கரைஞ்சு போயிடமாட்டாரோ?"

"பெருமாள் கரைவாரா! அவருக்கு ஜலதோஷம் பிடிக்குமான்னும் கேளுங்கோளேன்." சாருகூடச் சிரித்துவிட்டாள்.

பாவம், அவருக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் ரேடியம் தண்ணீரைப் புஷ்டிக்கென்று விலைகொடுத்து வாங்கிக் குடித்ததையும், அதில் சிலருக்குத் தாடை எலும்பு கையோடு வந்ததையும் பற்றி, ஒரு சபாவின் ஆண்டு மலரில் அவரே கட்டுரை எழுதியிருக்கிறார். 'மௌடிகத்தின் விலை' என்று தலைப்பு. ராத்திரியெல்லாம் ஊறிய ஜலத்தில் எவ்வளவு இறங்கும், அதில் எவ்வளவு தாயிடம் தங்கும், எவ்வளவு உள்ளே இருக்கும் சிசுவுக்குப் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். விடை பிடிக்காதபோது வேறு விதமாகப் போட்டார். பயம் நீங்கும்வரை கணக்கைத் திருத்துவதற்கு ஆராய்ச்சி என்று பெயர்.

அது யுரேனியம், குடிக்காதே. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு வரிக்குப் பின்னால் சுரங்கத்துத் திருட்டு, அதிகாரியிடம் சொன்ன பொய், பெண்டாட்டியிடம் சொன்ன பொய், ஊர் முழுக்கப் போன அழைப்பிதழ் எல்லாம் வரிசையில் நின்றன. ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். வாய்க்குள் காபியை விட்டுக்கொண்டார்.

தன்னளவில் அவர் உடனே நடவடிக்கை எடுத்துவிட்டார். தீர்த்தம் கொடுத்தால் கையில் வாங்கி, உதட்டருகே கொண்டுபோய், அப்படியே தலையில் தடவிக்கொள்வார். பிறகு காட்சியறைக்குப் போய்த் தனிக் குழாயில் கையையும் தலையையும் சோப்புப் போட்டு அலம்புவார். சாரு ஒருநாள் கவனித்துவிட்டாள்.

"அப்பா, நீங்க ஏன் தீர்த்தம் சேவிச்சுக்கறதில்லை?"

"எனக்கு சுகர் இருக்கோல்லியோம்மா."

"தீர்த்தத்துல சர்க்கரையா போட்டிருக்கா?"

"விளையாடாதே," என்று எழுந்து போய்விட்டார்.

இருந்தாலும் மனசாட்சி என்று ஒன்று உண்டே. அது அவருக்கும் கொஞ்சம் இருந்தது. குளத்தங்கரைப் பக்கம் பூஜைச் சாமான் கடையில், அதே பருமனுள்ள நிஜ சாளக்கிராமம் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினார். மத்தியானம் எல்லோரும் அசந்திருந்த நேரத்தில் கோயிலாழ்வாரைத் திறந்து அதை வைத்துவிட்டு, சக்கரவர்த்தியை எடுத்துவந்து, புதிதாக வாங்கிய ஒரு சின்ன ஈயப் பெட்டிக்குள் பூட்டினார். யாருக்கும் கெடுதலில்லாமல் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

அடுத்த நாள் காலை ஜெயராம் திருமஞ்சனத்துக்காகப் பெருமாளைத் தூக்கினான். வழக்கமான கனத்துக்குப் பழகிய கை வெடுக்கென்று மேலே போய் நெற்றியில் இடித்தது.

"அம்மா! பெருமாள் லேசாயிட்டார்!"

கோமளம் வந்து தூக்கிப்பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போயிட்டார். ஆத்தை விட்டுப் போயிட்டார். வெறும் கூடு இருக்கு பாரு. யார் என்ன அபசாரம் பண்ணினேளோ!"

சமையலறை வாசலில் நின்ற சாருலதா வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். "அம்மா, எனக்கு என்னமோ பண்றது," என்றாள். முகம் வெளுத்திருந்தது. ஜெயராம் டாக்ஸி பிடிக்க ஓடினான். தி. நகர் நர்ஸிங் ஹோமில் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஒன்றுமில்லை, பயம்தான், படுக்கையில் இருக்கட்டும் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் அழுகை நிற்கவில்லை. "இதுவும் போயிடும்மா. எனக்குத் தெரியறது. இதுவும் போயிடும்." அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஸ்ரீரங்கன் அவள் அறை வாசலில் வந்து நின்றார். சொல்லிவிடலாமென்றுதான் வந்தார். உள்ளே கோமளம் மருமகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்பா வந்திருக்கார் பாரு. அவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானி! அவரையே தேடிண்டு வந்த பெருமாள். திரும்பி வராம இருப்பாரா?" என்றாள்.

பெரிய விஞ்ஞானி திரும்பிப் போய், ஈயப் பெட்டியைத் திறந்து, பெருமாளைத் திரும்ப வரவழைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை அவராலும் தடுத்திருக்க முடியாது. கனம் திரும்பிய சேதி தெருமுனைக்குப் போயிற்று. எதிர்வீட்டு மாமி வந்து தூக்கிப்பார்த்தாள். சபா செக்ரடரி தூக்கிப்பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மேற்கு மாம்பலத்திலிருந்து கோமளத்தின் ஒன்றுவிட்ட அக்கா குடும்பம் மின்சார ரயிலேறி வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் தீர்த்தம். சாருலதா எழுந்து நடமாடினாள், சாப்பிட்டாள். நாலாம் மாதம் தாண்டிற்று, ஐந்தும் தாண்டிற்று. "பார்த்தேளா?" என்றாள் கோமளம். ஸ்ரீரங்கனும் பார்த்தார். கணக்கில் எங்கேயோ நாம்தான் கூடப் போட்டுவிட்டோம் போல என்று ஆறுதலடைந்தார். மார்கழியில் சாருவுக்குக் கால் வீங்கிற்று. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கோமளம் உப்பைக் குறைத்து, டம்ளரை மாற்றிப் பெரிய டம்ளராக வைத்தாள்.

தை பிறந்தது. திறப்புவிழாவுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கிடைத்திருந்தார். ஓய்வுபெற்றவர்களுக்குப் பற்றாக்குறை மயிலாப்பூரில் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. தெருவில் ஷாமியானா, நாற்காலிகள், ஒரு நாதஸ்வரம். எல்லாம் இருந்தும் பீரோவின் நடுவில் சிவப்பு வெல்வெட் குழி மட்டும் பொக்கை வாய் மாதிரி காலியாக இருந்தது. சக்கரவர்த்தி இல்லாத தர்பாரை எப்படித் திறப்பது? அதிகாரி வந்துபோய் மாதங்கள் ஆகிவிட்டன. கோமளம் சமையற்கட்டில் கேசரிக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒரு மணி நேரம்தானே என்று ஸ்ரீரங்கன் பெருமாளை எடுத்துவந்து வெல்வெட்டில் அமர்த்தினார். மாசக்கணக்காகக் காத்திருந்த பெயர்ச்சீட்டையும் எடுத்து முன்னால் நிறுத்தினார்.

நீதிபதி ரிப்பனை வெட்டினார். ஸ்ரீரங்கன் பாதுகாப்பைப் பற்றி உரை நிகழ்த்தினார். அறியாமையே உண்மையான கதிர்வீச்சு என்றார். கைதட்டினார்கள். வாசப்படிக்கு வெளியே, வீங்கிய காலோடு, சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு சாருலதா நின்றாள். உள்ளே வர அனுமதி இல்லை என்பதை மாமனார் கூட்டத்துக்கே சுட்டிக்காட்டினார். "எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கே விதிவிலக்கு கிடையாது!" அதற்கும் கைதட்டினார்கள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நடுவில் இருந்த சீட்டைத் தீர்ப்புப் படிப்பதுபோல உரக்கப் படித்தார். "பிட்ச்பிளெண்ட். யுரேனியத்தின் மூலத் தாது. இக்காட்சியகத்திலேயே மிக அதிகமாகக் கதிர்வீசும் கனிமம். இதன் துகளோ நீரோ உடலுக்குள் செல்வது உயிருக்கு ஆபத்து. அடேயப்பா!"

கேசரித் தட்டோடு வந்த கோமளம் எட்டிப்பார்த்தாள். தட்டு பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்தது.

"ஏன்னா! நம்மாத்துப் பெருமாளைக் கொண்டுபோய் எங்க வெச்சிருக்கேள்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தெருவில் பாதிப்பேர் தூக்கிப்பார்த்த பெருமாள். யார் என்று அடையாளம் கண்டுகொண்டதும் முன்வரிசை கன்னத்தில் போட்டுக்கொண்டது. நீதிபதி குழம்பிப்போய்த் தாமும் ஒருமுறை போட்டுக்கொண்டார்.

சாருலதா போட்டுக்கொள்ளவில்லை. பீரோவைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"அப்பா." நாதஸ்வரம் நின்றிருந்ததால் மெதுவாகப் பேசியதும் எல்லோருக்கும் கேட்டது. "அது பெருமாளா, அவர் படிச்சதா?"

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் விதிப்படி சுற்றிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கோப்பா. நான் தினம் குடிக்கறேன்."

ஸ்ரீரங்கன் அவள் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். நீதிபதியை, சபா செக்ரடரியை, வாரப் பத்திரிகையின் நிருபரை, அவர் கையிலிருந்த காமிராவை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்வை எங்கே போய் நின்றதோ அங்கேயிருந்து பதிலும் வந்தது.

"பெருமாள்தான்மா," என்றார். "திறப்புவிழாவுக்கு ஆசீர்வாதமா இருக்கட்டும்னு ஏளப்பண்ணினேன். அந்தச் சீட்டு பக்கத்துக் கல்லோடது. கபாலி மாத்தி வெச்சுட்டான்."

பீரோ முடிந்த நாளிலிருந்து கபாலி அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. அதை யாரும் கேட்கவில்லை. சாருலதா இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டாள். விஞ்ஞானி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். "பயந்தே போயிட்டேன்," என்று சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஜெயராம் மடியாக வந்து பெருமாளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கூட்டம் வழிவிட்டது. சீட்டு, பக்கத்திலிருந்த மோனசைட் மணலுக்கு முன்னால் நகர்ந்தது. கேசரி பரிமாறப்பட்டது.

அந்த வாரப் பத்திரிகையில் புகைப்படத்தோடு செய்தி வந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகள் உலகத் தரத்தில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். விஞ்ஞானமும் பக்தியும் ஒரே கூரையின் கீழ் வாழும் இல்லம் என்று கடைசி வரி. ஸ்ரீரங்கன் அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, விதிப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வயிற்றில் அசைவு தெரியவில்லை என்று சாரு சொன்னாள். நர்ஸிங் ஹோமில் வலி வரவழைத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. விரல்கள் எல்லாம் இருந்தன. உயிர் இல்லை. ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது, சிறுநீரகம் சரியில்லை, சிலருக்கு இப்படி ஆவதுண்டு, காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். காரணம் சொல்ல முடியாது என்பதை ஸ்ரீரங்கன் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். குழந்தையை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி ஜெயராம் கையில் கொடுத்தார்கள். பழக்கத்தில், கனமாக இருக்கும் என்று நினைத்துக் கையை இறுக்கினான்.

கோமளம் பத்து நாள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். மூணாக இருந்தபோது நாலாம் மாதத்திலேயே போயிற்று. நாலாவது பெருமாள் வந்ததால்தான் ஏழாம் மாதம்வரை வந்தது. அவர் இல்லாவிட்டால் சாருவும் போயிருப்பாள். குறை பெருமாளிடம் இல்லை, நாம் செய்தது போதவில்லை. "அடுத்ததுக்கு இப்பவே ஆரம்பிக்கணும்னா," என்றாள். ஸ்ரீரங்கன் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "செய்," என்றார்.

சாருலதாவுக்கு இப்போது தீர்த்தம் இரண்டு டம்ளர்.